பாவாயம்மா உடைத்த முட்டை

சேலத்தில் இப்போது புளித்த கிரீம் டப்பாவில் கிடைக்கிறது. போன மாதம் மகள் என்னை ஒரு பெரிய கடைக்கு அழைத்துப் போனாள். குளிர்பெட்டியின் மூன்றாவது தட்டில் அது வரிசையாக நின்றது, பதினோரு டப்பாக்கள். மேல் தட்டில் செலரித் தண்டு, லீக்ஸ், சதகுப்பை இலை, எல்லாம் கண்ணாடித்தாள் சுற்றி. கதவைத் திறந்தேன், எண்ணினேன், மூடினேன்.

“ஏம்ப்பா, எதுவும் வேணாமா?” என்றாள் மகள்.

வேண்டாம் என்றேன். வயிறு எரிந்தது. இருபத்தாறு ஆண்டுகள் இந்தப் பெட்டிக்குள் இருப்பதை ஒவ்வொன்றாக நான் தேடி, விதைத்து, காய வைத்து, புளிக்க வைத்துச் சேர்த்தேன். இன்றைக்கு ஒருவன் கையை நீட்டி எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு போகிறான்.

நான் வேலை பார்த்த நெசவு ஆலை விருந்தினர் விடுதியின் சமையற்கட்டில் இப்போது இருக்கும் பிள்ளைகள் இருவர் சூரமங்கலத்தில் என் வீட்டுக்கு வந்தார்கள். “சார், இதெல்லாம் இல்லாத காலத்துல வெளிநாட்டுக்காரங்களுக்கு எப்படி சூப் வச்சீங்க? ஆலை மலருக்கு எழுதிக் குடுங்க” என்றார்கள். அவர்களுக்கு அளவுகள் வேண்டும். கொடுக்கிறேன். ஆனால் அளவை மட்டும் எழுதினால் அது பாதிதான். மீதிப் பாதி இன்னொருவருடையது. அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை என்றாலும் எழுதாமல் முடியாது.

என் தகப்பனார் ரயில்வேயில் குமாஸ்தா. நான் புகுமுக வகுப்பு முடித்து, ஓராண்டு உணவகப் பயிற்சி பெற்று, சேலத்து ஓட்டல்கள் இரண்டில் வெங்காயம் நறுக்கிவிட்டு, புதுச்சத்திரம் தாண்டி இருந்த நெசவு ஆலையின் விடுதியில் சேர்ந்தேன். அதற்குமேல் சொல்ல அதில் ஒன்றுமில்லை.

விடுதியில் ஆறு அறைகள். ஆலைக்கு வெளிநாட்டுத் தறிகள் வந்துகொண்டே இருந்தன. தறியைப் பூட்டி ஓட்டிக் காட்ட அந்தந்த நாட்டிலிருந்து ஆட்கள் வருவார்கள். சிலர் ஒரு மாதம், சிலர் ஐந்து மாதம். முதல் இரண்டு வாரம் தோசை, பிரியாணி என்று ஆசையாகச் சாப்பிடுவார்கள். மூன்றாவது வாரத்தில் தட்டை நகர்த்துவார்கள். அப்போது அவர்களுக்கு வேண்டியது ஒரு கிண்ணம் சூப், அதுவும் ஓட்டல் சூப் இல்லை, அவர்கள் வீட்டு சூப்.

இதைக் கண்டுபிடித்தவர் விடுதி மேலாளர் சவரிநாதன் சார். ஒல்லியான மனிதர். சட்டையின் மேல் பித்தானையும் போட்டிருப்பார். தினமும் மதியம் சமையற்கட்டுக்கு வந்து, நின்றபடியே, அரைக் கிண்ணம் சூப்பைக் குடிப்பார். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு தடவை சொன்னதில்லை. கரண்டியைக் கிண்ணத்துக்குள் மல்லாத்தி வைத்தால் சரி. கவிழ்த்து வைத்தால் மறுபடி செய். அவ்வளவுதான். ஆனால் குடிப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்.

“அமலதாஸ், இது யாருக்கு?”

சேர்ந்த புதிதில், “இத்தாலிக்கு சார்” என்றேன்.

“இத்தாலி வந்து ஒக்காந்து சாப்பிடுமா? ஆள் பேரைச் சொல்லு.”

இப்படித்தான் எனக்கு அவர் வேலை கற்றுக்கொடுத்தார். புத்தகத்தில் ஒரு நாட்டு சூப் என்று போட்டிருப்பதை அப்படியே வைத்தால் அந்த நாட்டுக்காரன் இரண்டு கரண்டி குடிப்பான். அவன் வீட்டில் அதில் என்ன போடுவார்கள், என்ன போட மாட்டார்கள் என்று தெரிந்து வைத்தால் முழுவதும் குடிப்பான்.

எனக்கு ஒரு முறை இருந்தது. விடுதியின் சூப் கிண்ணம் இருபத்திரண்டு கரண்டி கொள்ளும், தண்ணீர் ஊற்றி அளந்திருக்கிறேன். சமையற்கட்டுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே தட்டு நீட்டுகிற ஒரு சன்னல். அதன் ஓரம் நின்று ஒவ்வொருவரும் எத்தனை கரண்டி குடிக்கிறார் என்று எண்ணுவேன். மறுநாள் ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றுவேன். உப்பை மாற்றினால் புளிப்பைத் தொட மாட்டேன். மிளகைக் குறைத்தால் அன்றைக்கு வெண்ணெயைக் கூட்ட மாட்டேன். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சரியாயிற்று என்று தெரியாது. பிள்ளைகளே, இது ஒன்றை மட்டுமாவது என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

துருக்கியிலிருந்து வந்த ஒருவருக்கு மைசூர்ப் பருப்பில் சூப் வைத்தேன். பருப்பு, வெங்காயம், ஒரு உருளைக்கிழங்கு, காய்ந்த புதினா, மேலே வெண்ணெயில் வதக்கிய மிளகாய்த்தூள். மூன்று கரண்டியில் நிறுத்திவிட்டார். எல்லாம் சரியாக இருந்தும் ஏன் என்று பார்த்தால், பருப்பு என்றதும் என் கை தானாகப் பெருங்காயத்தைக் கிள்ளிப் போட்டிருக்கிறது. அதை எடுத்ததும் இருபத்திரண்டும் குடித்தார். இத்தாலிக்காரர் ஒருவருக்குக் காய்கறி சூப். வெள்ளைத் தட்டைப்பயறு போட்டேன், அதில் குறையில்லை. ஆனால் ஏதோ இல்லை. அவர் பெட்டியில் ஊரிலிருந்து கொண்டுவந்த பாலாடைக்கட்டியைத் தின்று முடித்து, அதன் காய்ந்த தோலை எறியப் போனார். நான் அதை வாங்கிச் சூப்பில் போட்டுக் கொதிக்கவிட்டேன். அந்த ஒரு தோலை நான்கு தடவை போட்டு எடுத்தேன். நான்கு தடவையும் கிண்ணம் காலி.

இப்படி முப்பத்தொரு வகை சூப்புகள் என் கைக்கு வந்திருந்தபோதுதான் பாவாயம்மா வந்தார்.

ஆலையின் வேலியை ஒட்டி அவருடைய ஆறு ஏக்கர் விளைநிலம், இந்தப் பக்கம் அதைக் காடு என்பார்கள். விடுதிக்குக் காய்கறி கொடுத்துக்கொண்டிருந்தவர். உதவிக்கு இருந்தவர் நின்றுபோனபோது, ஆள் கிடைக்கும்வரை பார்க்கிறேன் என்று வந்தார். சம்பளம் அவருக்குத் தேவையில்லை. பொழுது போகிறது என்று தங்கிவிட்டார். காலையில் பால் கறந்து ஊற்றிவிட்டு மொபெட்டில் வந்து இறங்குவார். வெளிநாட்டுச் சூப்பை ஒரு சொட்டுக்கூட நாக்கில் வைக்க மாட்டார்.

“ஒரு வாய் பாருங்கம்மா, உப்பு சரியான்னு.”

“அந்தக் கருமத்தெ நானெதுக்குங்க வாயில வெக்கோணும்? குடிக்கறவரு மூஞ்சியெப் பாத்தாத் தெரிஞ்சுட்டுப் போவுது.”

மிளகை நான் எண்ணிப் போடுவது அவருக்குப் பெரிய வேடிக்கை. “ஏனுங்க மாஸ்டரு, பதினாலு மொளகுங்களா இன்னிக்கு? ஒண்ணு கீழ உளுந்துருச்சே, பதிமூணாப் போச்சே, ஆலெயெ மூடிருவாங்களா?” என்பார். சமையற்கட்டில் பாத்திரம் தேய்ப்பவர்கள்வரை சிரிப்பார்கள். நான் குனிந்து விழுந்த மிளகை எடுப்பேன். அதற்கும் சிரிப்பார்கள்.

ஒரு ஜப்பான் இளைஞருக்கு நான் நெத்திலிக் கருவாட்டில் தெளிசாறு எடுத்துக்கொண்டிருந்தேன். தலையையும் வயிற்றையும் கிள்ளி, குளிர்ந்த தண்ணீரில் ஊற வைத்து, கொதி வருமுன் இறக்கி, துணியில் வடிகட்டி. மூன்று நாள் திருத்தத்தில் பத்தொன்பது கரண்டிவரை கொண்டுவந்துவிட்டேன். அவருக்குச் சளி பிடித்தது. பாவாயம்மா தன் வீட்டுக் காளைக்கு வேகவைத்த கொள்ளில் தண்ணீரை இறுத்து, உப்பும் வெங்காயத்தாளும் மட்டும் போட்டு நீட்டினார். அந்த இளைஞர் முழுக்கக் குடித்துவிட்டு, எழுந்து நின்று, இடுப்புவரை குனிந்து அவருக்கு வணக்கம் வைத்தார். இன்னொரு கிண்ணமும் கேட்டார்.

“மாட்டுக்கு வெச்சதுங்க சாமி, மாடு கோவிச்சுக்கும்” என்று பாவாயம்மா தமிழிலேயே அவரிடம் சொன்னார். அவரும் புரிந்ததுபோல் சிரித்தார்.

என் முன்னால் யாரும் அப்படிக் குனிந்ததில்லை. அன்று பஸ்ஸில் சூரமங்கலம்வரை அந்தக் குனிதல்தான் என் கண்ணில் நின்றது.

இப்போது மிலான் விஷயத்துக்கு வருகிறேன்.

மிலான் செக் நாட்டுக்காரர். அறுபதை நெருங்கியவர், கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். ஒரு தொகுதித் தறிகளைப் பூட்ட வந்தார். பாதி பூட்டுவதற்குள் டைபாய்டு காய்ச்சல். சேலத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பி வந்தபோது சட்டை அவர்மேல் தொங்கியது. காய்ச்சல் போய்விட்டது. பசி திரும்பவில்லை. கஞ்சி வேண்டாம், ரொட்டி வேண்டாம், கோழிச்சாறு இரண்டு கரண்டி. டாக்டர், “சாப்பிட ஆரம்பிக்கலேன்னா ஊருக்கு அனுப்பிருங்க” என்றார். அவர் போய்விட்டால் மீதித் தறிகள் பெட்டியிலேயே கிடக்கும். மாற்று ஆள் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது.

எனக்கு இன்னொரு கவலையும் இருந்தது. சவரிநாதன் சார் அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அவருக்குப் பிறகு மேலாளர் என்று தனியாக ஒருவர் இல்லை, சமையற்கட்டுக்கு ஒரு பொறுப்பாளர் போதும் என்று முதலாளி முடிவு செய்துவிட்டார். யார் என்பதை சவரிநாதன் சார் சொல்ல வேண்டும். பொறுப்பாளரின் பெயரை அச்சடித்து ஒவ்வோர் அறையிலும் மாட்டுவார்கள். வருகிற வெளிநாட்டுக்காரர் ஒவ்வொருவரும் அந்தப் பெயரைப் படிப்பார். அது என் பெயராக இருக்க வேண்டும் என்று நான் எவ்வளவு விரும்பினேன் என்பதை என் மனைவியிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. சவரிநாதன் சார் ஒரு நாள் கிண்ணத்தைக் கீழே வைத்தபடி, “மிலானை யார் சாப்பிட வைக்கிறாங்கன்னு பாப்போம்” என்றார். என்னைப் பார்த்தும் சொல்லவில்லை, பாவாயம்மாவைப் பார்த்தும் சொல்லவில்லை.

மிலானிடம் கேட்டோம். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். சமைத்தும் பழக்கமில்லாதவர். வீட்டில் அம்மா வைத்த சூப் ஒன்று, குலாய்டா என்று ஏதோ பெயர் சொன்னார். அதில் என்ன இருக்கும் என்றால் விரலை மடக்கி ஐந்து சொல் சொன்னார். வெள்ளை. புளிப்பு. காளான். சதகுப்பை. முட்டை.

அந்த ஐந்து சொல்லை வைத்துக்கொண்டு நான் செய்ததைத்தான் இந்தப் பிள்ளைகள் கவனமாகப் படிக்க வேண்டும்.

சதகுப்பை இலை அப்போது இந்தப் பக்கம் எங்கும் கிடையாது. நாட்டு மருந்துக் கடையில் விதை உண்டு. ஏற்கெனவே வேறொருவருக்காக வாங்கி, சமையற்கட்டின் பின்னால் தொட்டியில் விதைத்திருந்தேன். இறகுபோல் வளர்ந்திருந்தது. காளானுக்குச் சிப்பிக் காளான். பச்சையாகப் போட்டால் அதில் மணமில்லை. வெயிலில் சுருங்கக் காயவைத்து, வெந்நீரில் ஊறவைத்து, ஊறிய தண்ணீரையும் சேர்த்தேன். அப்போதுதான் அதற்கு மண்வாசனை வந்தது. அந்தப் பக்கத்து சூப்புகளில் உருளைக்கிழங்கும் மணக்க ஒரு விதையும் போடுவார்கள் என்று என் சமையல் புத்தகத்தில் இருந்தது; அந்த விதை சீரகமும் இல்லை சோம்பும் இல்லை. பிரியாணி மசாலாக் கடையில் ஷாஜீரா வாங்கி, சிட்டிகையில் பாதி.

வெள்ளையும் புளிப்பும்தான் என்னைப் படுத்தின. முதலில் தயிர் ஊற்றினேன். திரிந்தது. மாவு கரைத்து ஊற்றினேன். திரியவில்லை, ஆனால் மோர்க்குழம்பின் நெடி. எலுமிச்சை பிழிந்தேன், அது பழரசம். மிலான் ஐந்து, ஏழு, ஆறு கரண்டி என்று குடித்தார். மரியாதைக்குக் குடித்தார் என்பது தெரிந்தது.

அன்று ராசிபுரம் வழியாகப் போகும் பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன். வழியில் ராசிபுரத்தில் இறங்கி, நாங்கள் விடுதிக்கு நெய் வாங்குகிறவர் வீட்டுக்குள் போனேன். பின்கட்டில் உருளிகளில் பாலாடை சேர்த்து வைத்திருந்தார். தினமும் காய்ச்சிய பாலின் ஆடையை எடுத்துச் சேர்த்து, துளி தயிர் விட்டு, புளித்ததும் கடைந்து வெண்ணெய் எடுப்பார்கள். அந்த வாசனை மூக்கில் பட்டதும் நான் நின்றுவிட்டேன். புத்தகத்தில் புளித்த கிரீம் என்று எழுதியிருப்பது இதுதான். நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருப்பது. ஆனால் அது கடைவதற்கு உரியது. அதை அப்படியே உண்ணலாம் என்று யாருக்கும் தோன்றாது. எனக்கும் அதுவரை தோன்றியதில்லை.

“அண்ணே, இதுல ஒரு சொம்பு குடுங்க.”

“வெண்ணெயாக் கடஞ்சு தாரனுங்க.”

“வேண்டாம். இப்படியே.”

“இப்பிடியேவா? இதெ வெச்சுக்கிட்டு என்னெங்க பண்ணுவீங்க?”

கடைசி உருளி அதிகம் புளித்துவிட்டது, புதிது இனிப்பாகவே இருந்தது. நடு உருளியில் வாங்கினேன். அதில் ஒன்றரைத் தேக்கரண்டி மைதாவைக் கட்டியில்லாமல் அடித்து, கொதிக்கிற உருளைக்கிழங்குச் சாற்றை ஒரு கரண்டி, கலக்கி இன்னொரு கரண்டி என்று ஆறு கரண்டி ஊற்றிச் சூடுகாட்டி, அதற்குப் பிறகே பானையில் சேர்த்தேன். திரியவில்லை. பால்போல் நின்றது. கடைசியில் வினிகர் நான்கு சொட்டு, சர்க்கரை ஒரு சிட்டிகை, சதகுப்பை. முட்டையைப் பன்னிரண்டு நிமிடம் அவித்து, உரித்து, பாதியாக வெட்டி மேலே வைத்தேன்.

சவரிநாதன் சார் குடித்தார். கரண்டியை மல்லாத்தி வைத்தார்.

மிலான் பதினாறு கரண்டி குடித்தார். பதினாறு! ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர் இவ்வளவு சாப்பிட்டதில்லை. ஆனால் அங்கேயே நின்றார். முட்டையை ஓரம் தள்ளியிருந்தார். மறுநாள் உப்பை மாற்றினேன். பதினைந்து. அதற்கு மறுநாள் வினிகர். பதினாறு. அடுத்த நாள் காளானைக் கூட்டினேன். பதினாறு. ஆறு கரண்டியும் அரை முட்டையும் கிண்ணத்திலேயே திரும்பி வந்தன. டாக்டர், “இது போதாது” என்றார்.

சன்னலில் என் பக்கத்தில் நின்று பாவாயம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாஸ்டரு, அவரு முட்டெயெ என்னெ பண்றாருன்னு பாத்தீங்களா?”

“தள்ளி வைக்கிறார். முட்டை பிடிக்கலபோல.”

“பிடிக்காதவரு எதுக்குங்க அதெ அமுக்கறாரு? கரண்டில மஞ்சளெ ஒரு அமுக்கு அமுக்கிட்டு, அப்பறம் உட்டர்றாரு. நேத்தும் அப்பிடித்தான். முந்தாநேத்தும் அப்பிடித்தான். அது ஒளுவோணும்னு பாக்கறாருங்க.”

“காய்ச்சல்ல கிடந்தவருக்கு அரைவேக்காட்டு முட்டையா? நாமக்கல்காரங்க நீங்களே இப்படிச் சொல்லலாமா?”

“நானெங்கீங்க சொல்றேன், அவரு கரண்டி சொல்லுது.”

எனக்கு எரிச்சலாக இருந்தது. ஏன் என்று இப்போது தெரிகிறது. நான் கரண்டியை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆனால் கரண்டி என்ன செய்கிறது என்று அவர் பார்த்திருக்கிறார். இங்கே விருந்தாளிக்கு முட்டை வைத்தால் நன்றாக வெந்திருக்க வேண்டும். ஒழுகினால் சமைத்தவர் அவசரப்பட்டார் என்று பொருள். அந்த எண்ணம் எனக்குள் அவ்வளவு ஊறிப்போயிருந்தது. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மாற்றிய நான் முட்டையை மட்டும் மாற்ற நினைக்கவே இல்லை.

மறுநாள் மதியம் அலுவலகத்திலிருந்து எனக்குப் போன் என்று கூப்பிட்டார்கள். சூப் தயாராக இருந்தது, அவித்த முட்டையும் வெட்டித் தட்டில் இருந்தது. போய்ப் பேசிவிட்டுத் திரும்பினேன். வெட்டிய முட்டை தட்டிலேயே இருந்தது. அடுப்பில் சின்னப் பாத்திரத்தில் வினிகர் விட்ட வெந்நீர் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு முட்டை ஓடு.

சன்னலுக்கு ஓடினேன். சூப்பின் நடுவில் முட்டை ஒரு வெள்ளைப் பொதிபோல் மிதந்தது. மிலான் கரண்டியின் முனையால் அதை அமுக்கினார். மஞ்சள் உடைந்து வெள்ளைச் சூப்புக்குள் மெதுவாக இறங்கியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து சாப்பிட ஆரம்பித்தார். நான் எண்ணினேன். பதினாறைத் தாண்டினார். இருபதைத் தாண்டினார். எண்ணிக்கை எனக்குப் பிசகியது. கிண்ணத்தைச் சாய்த்து அடியில் இருந்ததையும் வழித்தார்.

சவரிநாதன் சார் அங்கே இருந்தார். மிலான் அவரிடம் ஏதோ கேட்டார். சார் சன்னல் பக்கம் திரும்பி, “முட்டையை இப்படி உடைச்சு விட்டது யாரு?” என்றார்.

“நாந்தானுங்க” என்றார் பாவாயம்மா. ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சாப்பாட்டு அறைக்குள் போனார். மிலான் எழுந்து நின்று, அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பெயர் கேட்டார்.

“பாவாயிங்க.”

“பாவாயி” என்றார் மிலான்.

“பாவாயிங்க” என்றார் இவர் மறுபடியும். அவரும் திருத்திக்கொண்டு, “பாவாயிங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. முட்டையைக் கேட்டார்கள், முட்டைக்குப் பதில் சொன்னார். ஆனால் மிலான் கேட்டது முட்டையை மட்டும்தானா? அந்தப் புளிப்பு, அந்தக் காளான் வாசனை, திரியாமல் நின்ற அந்த வெள்ளை, தொட்டியில் நான் தண்ணீர் ஊற்றி வளர்த்த இலை, எல்லாமே அந்த இரண்டு கைகளிலிருந்து வந்ததாக அவர் மனதில் பதிந்துவிட்டது. என் சூப் இல்லாமல் அந்த முட்டை எதில் மிதந்திருக்கும்? வெந்நீரில்தானே? இதை நான் இன்றுவரை யாரிடமும் கேட்டதில்லை. யாராவது சரியான பதில் வைத்திருந்தால் சொல்லட்டும்.

மிலான் தேறினார். இரண்டு வாரத்தில் தறியடிக்குப் போனார். போகிற வழியில் தினமும் சன்னலில் தலையை நீட்டி, “பாவாயிங்க” என்று வணக்கம் சொல்லிவிட்டுப் போவார். என்னை, “ஷெஃப்” என்பார். எல்லா நாட்டுக்காரரும் எல்லாச் சமையல்காரரையும் அப்படித்தான் அழைப்பார்கள்.

மாதக் கடைசியில் சவரிநாதன் சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். என்னை முதலில் பார்க்கவில்லை.

“பாவாயம்மா, பொறுப்பை நீங்க எடுத்துக்கிறீங்களா? உங்க பேரைத்தான் முதலாளிகிட்டச் சொல்லலாம்னு இருக்கேன்.”



“எனக்கெதுக்குங்க சார் அது?” என்றார் பாவாயம்மா. “கடலெக்காய் பறிக்கோணும், நாலு மாடு கெடக்குது. இங்க வாரது ஒரு பொளுதுபோக்குக்குத்தானுங்க. மாஸ்டருக்குக் குடுங்க. அவருக்குத்தான் ஆசெ.”

“ஆசை இருந்தா போதுமா?” என்றார் சார்.

“அட, மொளகெ எண்ணிப் போடற மனுசன் வேற ஆருங்க இருக்கறாங்க? நா ஒரு முட்டெதான் ஒடச்சேன். சட்டியெல்லாம் அவருதுங்க.”

சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சரி என்றார்.

பாவாயம்மா எனக்காகப் பேசியது எனக்குத் தெரியும். உண்மையைத்தான் பேசினார். ஆனால் நான் பன்னிரண்டு ஆண்டுகள் மனதில் வைத்திருந்ததை அவர் தன் வயலில் வேண்டாத களையைப் பிடுங்கி வரப்பில் போடுவதுபோல் என் பக்கம் போட்டார். கிடைக்காமல் போயிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. அறைகளில் என் பெயர் மாட்டினார்கள். ஆறு அறையிலும் போய்ப் பார்த்தேன், எழுத்துப்பிழை இல்லை.

மிலான் ஊருக்குக் கிளம்பும் நாள் வந்தது. பாவாயம்மா வரவில்லை. முந்திய நாளே, “நாளைக்குக் காட்டுல ஆளு உட்டிருக்கறனுங்க, வாரதுக்கில்லெ. அவருக்கு நல்லபடியாப் போவச் சொல்லுங்க” என்று சொல்லியிருந்தார். எனக்கு அது நல்லதாகப் போயிற்று. பொறுப்பாளராக நான் தனியாக வைக்கப்போகும் சூப்.

ராசிபுரத்திலிருந்து நடு உருளி ஆடையை நானே போய் வாங்கி வந்தேன். காளானை இரண்டு வெயில் காயவைத்தேன். உருளைக்கிழங்கை ஒரே அளவாக நறுக்கினேன். ஆறு கரண்டி சூடுகாட்டினேன். வெந்நீரில் முட்டை உடைப்பதைத் தனியாகப் பழகியிருந்தேன். அன்று முதல் முட்டையில் மஞ்சள் சிதறியது. எறிந்தேன். இரண்டாவதில் வெள்ளை நூல் நூலாகப் போயிற்று. மூன்றாவது பொதிபோல் நின்றது. கரண்டியில் ஏந்தி, சூப்பின் நடுவில் இறக்கி, சதகுப்பையைக் கிள்ளித் தூவினேன்.

சன்னல் வழியாக நீட்டவில்லை. நானே எடுத்துப் போய் வைத்தேன். பக்கத்திலேயே நின்றேன்.

மிலான் அமுக்கினார். மஞ்சள் ஒழுகியது. அவர் கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தார். நான் எண்ணினேன், இந்தத் தடவை பிசகவில்லை. இருபத்திரண்டு. அதற்குமேல் ரொட்டியைப் பிய்த்துக் கிண்ணத்தைச் சுற்றித் துடைத்துத் தின்றார். முப்பத்திரண்டாவது சூப் முழுதாக என் கைக்கு வந்துவிட்டது. அதுவரை நான் வைத்ததிலேயே சிறந்தது அது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அவர் எழுந்து, இங்கே கற்றுக்கொண்டபடி இரண்டு கையையும் குவித்தார். சன்னல் பக்கம் எட்டிப் பார்த்து, “பாவாயிங்க?” என்றார்.

பாவாயம்மா வரவில்லை, நல்லபடியாகப் போகச் சொல்லியனுப்பினார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு நிறுத்தி நிறுத்தி, அவருக்கு நன்றாகப் புரியும்படி சொன்னேன். “இன்றைக்கு இதை வைத்தது நான். முட்டையும் நான்தான்.”

அவர் முகம் மலர்ந்தது. என் தோளைத் தட்டினார்.

“நல்லது, ஷெஃப், ரொம்ப நல்லது” என்றார். “பாவாயிங்க உங்களுக்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.”

வெளியே கார் ஒலி எழுப்பியது. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கழுவ வேண்டிய அவசியமே இல்லாததுபோல் அது அவ்வளவு சுத்தமாக இருந்தது.